வாய் என்னுடையது, பேச்சு அவருடையது

“யாருங்க அது, அங்கன பேசுதது?” என்று பியூலா கேட்டாள்.

ஒரு புதன்கிழமை முற்பகல். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறை. பியூலா மடியில் சுளகை வைத்துக்கொண்டு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். டிவியில் பழைய படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு தாசில்தார், இனிமேல் இந்த ஊர் எல்லைக்குள் உன்னைப் பார்க்கக் கூடாது என்று கதாநாயகனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

அந்தத் தாசில்தார் நான்தான்.

“ஒங்களத்தான் கேக்கேன். யாரு அது? நல்லா மெரட்டுதாரே.”

“நாந்தான் பியூலா.”

“நீங்களா? சத்தம் ஒங்களுது இல்லயே.”

“என்னைக்கு அது என் சத்தமா இருந்துச்சு? டப்பிங்லா.”

உரித்த வெங்காயத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, டிவி இருந்த பக்கமாகக் காதைத் திருப்பிக் கொஞ்ச நேரம் கேட்டாள். தாசில்தார் ஓய்ந்தபாடில்லை. நல்ல கணீர்க் குரல். எனக்கே பயமாகத்தான் இருந்தது.

“அப்பம் எனக்கு அங்கன நீங்க இல்ல” என்றாள். பிறகு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

என் மனைவிக்கு இரண்டு கண்ணும் தெரியாமல் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. கண்ணில் நீர் அழுத்தம் என்றார்கள். முதலில் ஓரப் பார்வை போனது. கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு, “இந்த நெல எப்பம் இங்கன வந்துச்சு?” என்று கேட்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டு இருந்துவிட்டேன். அதைப் பற்றி முழுதாக எழுதுவதற்கு எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்காக: நான் முப்பது வருடம் கணக்கு வாத்தியார். அதற்கு முன்னும் கூடவும் மேடை நாடகக்காரன். சினிமாவில் நாற்பது படங்களுக்குக் கொஞ்சம் குறைய. அப்பா, மாமனார், ஜட்ஜ், தாசில்தார், அப்பா, மறுபடியும் அப்பா. போஸ்டரில் என் படம் வந்ததில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் மட்டும், “ஒங்கள எங்கயோ பாத்திருக்கேனே, மின்வாரியத்துலயா?” என்று கேட்பார்.

தாசில்தார் கத்திய அதே வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். “ஐயா, திரையில் தங்கள் குரல் இன்னும் என் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது.” நன்றி என்று பதில் போட்டேன். யார் சார்பில் போட்டேன் என்று எனக்கே விளங்கவில்லை.

முகமே வேண்டாத காலம்

மேடையில் கதையே வேறு. அங்கே நான் முழுக்க முழுக்கச் சத்தம்தான்.

எனக்குக் கிடைத்த முதல் வேடம் எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் சத்திரக்காரன். ஒரே ஒரு வசனம். “இங்கே இடமில்லை, போங்கள்.” மைக் கிடையாது. கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று நான் அடிவயிற்றிலிருந்து போட்ட போட்டில் முன்வரிசைக் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. யோசேப்பாக வந்தவன் அடுத்த வரியை மறந்தே போனான். நாடகம் முடிந்ததும் எங்கள் சபை குருவானவர், நாங்கள் ஐயர் என்போம், என்னைக் கூப்பிட்டு, “சத்திரக்காரன் இம்புட்டுக் கோவப்பட வேண்டாம் தம்பி. அவன் எடமில்லன்னுதான் சொன்னான், அடிக்க வரல்ல” என்றார்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு நாடகம் போடும் குழு ஒன்று என்னை இழுத்துக்கொண்டது. சபையில் பிரசங்கம் செய்கிற உபதேசியாரின் மகன் கொடை மேடையில் கிரீடம் வைத்துக்கொண்டு ராஜாவாக நிற்கிறான் என்ற செய்தி என் அப்பாவுக்கு எட்டியபோது ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் சைக்கிளில் வந்து கூட்டத்தின் கடைசியில் நின்று கேட்டுவிட்டுப் போனார் என்று ஆட்கள் சொன்னார்கள். கடைசியில் நின்றவருக்கு என் முகம் தெரிந்திருக்காது.

யாருக்குமே தெரியாது. மறுநாள் அதே ஊரில் டீக்கடைக்குப் போனால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். “ஒரு டீ” என்று வாயைத் திறந்த பிறகுதான் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நிற்பார்கள்.

பியூலாவும் என்னை முதலில் கேட்டவள்தான், பார்த்தவள் இல்லை. அவள் அப்போது ஆலயப் பாடகர் குழுவில் இருந்தாள். நாடகம் நடக்கும்போது அவர்களைத் திரைக்குப் பின்னால் நிற்க வைத்திருந்தார்கள். என்னைப் பெண் பார்க்க அனுப்பியபோது, “அந்தச் சத்திரக்காரனா?” என்று கேட்டுவிட்டுத்தான் சரி என்றாளாம். பிற்பாடு அவளே முப்பது பிள்ளைகளைக் கொண்ட சின்னப் பாடகர் குழுவுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள். அதில் அவளுக்கு ஒரு பொல்லாத திறமை உண்டு. அத்தனை பிள்ளைகளும் ஒன்றாகப் பாடிக்கொண்டிருக்கும்போது, பாடாமல் வாயை மட்டும் அசைக்கிறது எது, தப்பான வார்த்தையைப் பாடுகிறது எது என்று உதட்டைப் பார்த்தே பிடித்துவிடுவாள். அவளை எந்தப் பிள்ளையாலும் ஏமாற்ற முடிந்ததில்லை.

சத்தமே வேண்டாத காலம்

சினிமாவுக்கு என்னைப் பிடித்தது என் மூக்கு. ஒரு கோடை விடுமுறையில் சென்னையிலிருந்து வந்த இயக்குநர், இந்தப் பக்கத்து முகங்கள் வேண்டும் என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகத் தேடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“சார், உங்க முகத்துல ஒரு துக்கம் இருக்கு சார்.”

அது துக்கம் இல்லை, விடைத்தாள் திருத்துகிறவனின் முகம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

எனக்குச் சந்தோஷமான சந்தோஷம். என் சத்தத்தை ஊரே கேட்கப் போகிறது என்று நினைத்தேன். முதல் நாள் முதல் காட்சி, மேடைப் பழக்கத்தில் ஒரு வசனத்தை எடுத்துவிட்டேன். படப்பிடிப்பில் இருந்தவர்கள் எல்லோரும் திடுக்கிட்டார்கள். இயக்குநர் என்னைத் தனியே கூட்டிப்போய்த் தோளில் கை போட்டார்.

“சார், உங்க பேச்சு ராகம் மாதிரி இழுக்குது. தமிழ்நாடு பூரா ஓடணும்ல? நீங்க வாயை மட்டும் அசைச்சாப் போதும். மெட்ராஸ்ல நமக்கு ஒரு நல்ல குரல் இருக்கு.”

திருநெல்வேலிக் கதை. திருநெல்வேலிக்காரன் பாத்திரம். நடிப்பதும் திருநெல்வேலிக்காரன். பேசியவர் சைதாப்பேட்டைக்காரர். திருநெல்வேலிப் பேச்சாக இருக்க வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுக்க, அவர் வரிக்கு வரி ‘ஏலே’ போட்டு வைத்திருந்தார். செத்துக் கிடக்கும் மகளைப் பார்த்தும் “ஏலே மகளே” என்று கதறுகிறார். பொம்பளைப் பிள்ளையை ஏலே என்று கூப்பிடுகிற ஆண்பிள்ளை இந்த ஜில்லாவில் எங்கே இருக்கிறான்? ஆனால் சென்னையில் அந்த இடத்தில்தான் ஜனங்கள் மூக்கைச் சிந்தினார்களாம்.

அந்த மனிதரை நான் ஒரே ஒரு தடவை சந்தித்தேன். சென்னையில் ஒலிப்பதிவுக்கூடத்தின் படிக்கட்டில். ஒடிசலான, சிறிய மனிதர். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், உங்க வலது மூக்கு விடைச்சா அடுத்த வரி வரப்போகுதுன்னு அர்த்தம். அதை வச்சுத்தான் நான் மூச்சு எடுக்குறதே. ஆனா அந்த ஆத்தங்கரை சீன் இருக்கே, அதுல என்னைக் கொன்னுட்டீங்க. உங்க வாய் ஒரே தாளத்துல போவுது. டயலாக் அந்தத் தாளத்துல உக்காரவே மாட்டேங்குது.”

“அது எழுதிக் கொடுத்த டயலாக் இல்லங்க. நெஞ்சுல இருந்து வந்தது” என்றேன் பெருமையாக.

நான் பேசியதும் அவர் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. “இதுதான் உங்க குரலா சார்?” என்று கேட்டார். என்ன எதிர்பார்த்திருந்தாரோ தெரியவில்லை. அவர் இப்போது உயிரோடு இல்லை. எனக்கு வந்த பாராட்டில் பாதியை அவரிடம் சேர்க்காமலே விட்டுவிட்டேன் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

சீவலப்பேரி ஆற்றங்கரை

அந்தக் காட்சிதான் எனக்குச் சினிமாவில் சோறு போட்டது. அதற்குப் பிறகுதான் எல்லா இயக்குநர்களும், “அந்த ஆத்தங்கரை அப்பாவைக் கூப்பிடு” என்றார்கள்.

சீவலப்பேரியில் எடுத்தோம். ஆற்றில் மூழ்கி இறந்த மகளைக் கரையில் கிடத்தியிருக்கிறது. அப்பன் பக்கத்தில் உட்கார்ந்து அழ வேண்டும். மகளாக நடித்த பெண் காலையில் வந்ததும், பிணமாகப் படுக்க மாட்டேன், வீட்டில் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டார். முகத்தை ஈரமுடியால் பாதி மறைத்துவிடலாம், யாராவது ஒரு பெண் வேண்டும் என்று தேடினார்கள். பக்கத்து வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பேச்சியம்மாள் என்ற பெண், “நான் படுக்கேன். படுக்கதுக்கென்ன, இடுப்புக்கு நல்லது” என்று வந்தாள். இருபது வயது இருக்கும்.

கேமராவை ஆற்றுக்கு அக்கரையில் வைத்திருந்தார்கள். அங்கிருந்தே என் முகத்தைப் பெரிதாகப் பிடிக்கும் லென்ஸாம். இந்தக் கரையில் நான், பேச்சியம்மாள், இரண்டு காக்கை. வேறு ஆள் கிடையாது.

வசனம் மூன்று பக்கம். காலையில்தான் கொடுத்தார்கள். அக்கரையில் துணியை ஆட்டி ஆரம்பிக்கச் சொன்னதும் எனக்கு ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. அந்தப் பெண்ணின் கால் விரலில் வயல் சேறு காய்ந்திருந்தது. அதைப் பார்த்தேன். என்னவோ ஆகிவிட்டது. வாய் பாட்டுக்கு எதையோ பேசியது, கண் பாட்டுக்குக் கொட்டியது. துணியை ஆட்டி நிறுத்தச் சொன்னதைக்கூட நான் பார்க்கவில்லை. இயக்குநர் முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்தே வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் எழுந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதையும் ஒரு துண்டு படம் எடுத்துக்கொள்வார்கள். தோஷம் கழியுமாம். பேச்சியம்மாளைச் சிரிக்கச் சொன்னார்கள். அவள் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் புரண்டு சிரித்தாள். பிணமாகக் கிடந்த பயம் தெளிகிறது, விடுங்கள் என்றார் இயக்குநர். எனக்கு உள்ளூர வருத்தம்தான். ஒருவன் இந்த அழுகை அழுதிருக்கிறான், இந்தப் பிள்ளைக்கு என்ன சிரிப்பு?

படம் திருநெல்வேலிக்கு வந்தபோது பியூலாவோடு போனேன். அந்தக் காட்சி வந்ததும் அவள் கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. இருட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய பரிசு அதுதான் என்று போன வருடம்கூட ஒரு கூட்டத்தில் பேசினேன்.

பியூலா கேட்டது

தாசில்தார் கத்திய அன்று மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்ததும் பியூலா சொன்னாள்.

“ஒங்க மூஞ்சி எனக்கு மறந்துக்கிட்டு வருது.”

“சும்மா சொல்லாத” என்றேன்.

“நெசமாத்தான் சொல்லுதேன். முந்தி நெனச்சா ஒடனே வரும். இப்பம் பையத்தான் வருது. அதுலயும் அந்த டிவியப் போட்டுட்டியன்னா, அந்த ஆள் சத்தத்தக் கேக்கக் கேக்க யாரோ ஒரு ஆள் மூஞ்சி வருது. நான் பாக்காத ஆளு.”

“டிவிய வேணும்னா நிறுத்திருவோம்.”

“டிவி என்ன செஞ்சிச்சு? ஒண்ணு செய்யுங்க. அந்த ஆத்தங்கரை சீன ஒங்க சத்தத்துல எனக்கு ஒரு தடவ பேசிக் காட்டுங்க. எனக்கு நல்லா மனசுல இருக்க மூஞ்சி அது ஒண்ணுதான். அதுவும் போயிரக் கூடாது.”

“அதுக்கென்ன, பேசிட்டாப் போச்சு.”

“எழுதிக் குடுத்தது வேண்டாம். நீங்க அன்னைக்கு நெசமா என்ன சொன்னியளோ, அது.”

சரி என்றுவிட்டேன். அரை மணி நேரம் கழித்துத்தான் எனக்கு வியர்த்தது. அன்றைக்கு நான் என்ன சொன்னேன்?

இத்தனை வருடமாக, நெஞ்சிலிருந்து வந்தது, நெஞ்சிலிருந்து வந்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். என்ன வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

படம் முழுதாக எங்கும் கிடைக்கவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் காட்சியை மட்டும் வெட்டி இணையத்தில் போட்டிருந்தார். போனில் அதை ஓட்டிச் சத்தத்தை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தேன். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்த மாதிரியே உதட்டைக் குவித்துப் பார்த்தேன், விரித்துப் பார்த்தேன். “மகளே” என்றால் உதடு மூட வேண்டும், அங்கே மூடவில்லை. “கர்த்தாவே” என்று போட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. கண்ணாடியில் ஒரு கிழவன் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். “உள்ள என்ன செய்யுதிய இம்புட்டு நேரம்?” என்று பியூலா கதவைத் தட்டினாள்.

அந்தப் படத்தில் உதவி இயக்குநராக இருந்தவர் இப்போது சென்னையில் சீரியல் எடுக்கிறார். அவருக்குப் போன் செய்தேன். “ஸ்பாட்ல எடுத்த சவுண்டா? அதெல்லாம் அப்பவே தூக்கிப் போட்டாச்சு சார். எதுக்கு, கேஸ் ஏதாவது போடப்போறீங்களா?” என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. பியூலா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் அறைக்குள் வரும்போதெல்லாம் முகத்தை என் பக்கம் திருப்பிக் காத்திருந்தாள். எனக்கு அது தாங்கவில்லை. கண் போன விஷயத்தில் அவளுக்கு நான் தவறியாகிவிட்டது. இதிலும் தவறினால் அவளுக்குள் நான் இல்லாமலே போய்விடுவேன் என்ற பயம் பிடித்துக்கொண்டது.

அன்றைக்கு என் பேச்சைக் கேட்ட ஆள் ஒருத்தி உண்டு, அவள் பிணமாகப் படுத்திருந்தாள் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

பிணத்தின் சாட்சி

சனிக்கிழமை காலை டவுன் பஸ் பிடித்துச் சீவலப்பேரிக்குப் போனேன். பேச்சியம்மாள் இருக்கிறாளா, வேறு எங்காவது வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாளா என்றுகூடத் தெரியாது. இறங்கிய இடத்தில் விசாரித்தேன். “நடவு ஆள் கூட்டிப் போற பேச்சியக்காவா? இந்நேரம் வயல்லதான் இருப்பாவ” என்றார்கள்.

பிசானப் பருவத்து நடவு நடந்துகொண்டிருந்தது. பத்துப் பெண்கள் குனிந்திருந்தார்கள். வரப்பில் நின்று கயிறு பிடித்து அதட்டிக்கொண்டிருந்தவள்தான் பேச்சியம்மாள். நாற்பதைத் தாண்டிய உடம்பு. நான் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்ளும் முன்னே, “ஏ, எங்க அப்பா வந்திருக்காவ!” என்று வயலைப் பார்த்துக் கூவினாள். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“அண்ணாச்சி, அன்னைக்குச் சாகடிச்சிட்டுப் போனிய, இப்பந்தான் வழி தெரிஞ்சுதா?”

வரப்பிலேயே உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். பியூலாவின் கண், அவள் கேட்டது, எனக்கு நினைவில்லாதது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டாள். சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“நான் என்ன சொல்லி அழுதேன், பேச்சி? உனக்கு ஞாபகம் இருக்கா?”

“இல்லாமயா? மறக்கக் கூடியதா அது?”

“சொல்லு.”

“சொன்னா வருத்தப்படுவியளே அண்ணாச்சி.”

“பரவாயில்ல, சொல்லு.”

“வாய்ப்பாடு சொன்னிய.”

எனக்கு முதலில் புரியவில்லை.

“பதிமூணாம் வாய்ப்பாடு. ஒரு பதிமூணு பதிமூணு, ரெண்டு பதிமூணு இருவத்தாறுன்னு, என் கையப் புடிச்சிக்கிட்டுக் கதறுதிய. எனக்குச் சிரிப்பு அள்ளுது. பொணம் சிரிச்சா படம் கெட்டுப் போயிருமேன்னு நாக்கக் கடிச்சிக்கிட்டுக் கெடந்தேன். சாயங்காலம் சோறு திங்க முடியல, நாக்குல புண்ணு.”

வயலில் இருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை.

பேச்சியம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ஆனா அண்ணாச்சி, கண்ணீரு நெசந்தான். என் கையில சொட்டுச் சொட்டா விழுந்துச்சு. சுட்டுச்சு. அத நான் யாருட்ட வேணும்னாலும் சொல்லுவேன்.”

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. முகம் என்னுடையது. குரல் சைதாப்பேட்டைக்காரருடையது. ஜனங்கள் கேட்டு அழுத வார்த்தை யாரோ எழுதியது. சரி, அழுகையாவது நம்முடையது என்று இருந்தேன். அது பதின்மூன்றாம் வாய்ப்பாட்டுக்கு அழுத அழுகையாம். அப்படியானால் அந்தக் காட்சியில் நடித்தது யார்? அதை வைத்துக்கொண்டு இருபது வருடத்துக்கும் மேலாக நடிகன் என்று சொல்லித் திரிந்த இந்த ஆள் யார்? பக்கத்தில் இருந்தவர், “ஒங்கள எங்கயோ பாத்திருக்கேனே” என்றார். “இருக்காது” என்று சொல்லிவிட்டேன்.

இதைப் பியூலாவிடம் எப்படிச் சொல்வது? அவள் மனதில் மிச்சம் இருக்கும் முகம் அது ஒன்றுதான். அந்த முகத்தில் போய் வாய்ப்பாட்டை ஒட்டவைப்பதா? கொக்கிரகுளம் பாலத்தில் பஸ் ஏறும்போது முடிவு செய்துவிட்டேன், பொய் சொல்வது என்று. அன்று இரவு உட்கார்ந்து நல்லதாக நாலு வரி எழுதி மனப்பாடம் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

ஆராதனை முடிந்து, கறிக்குழம்பு சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்த பிறகு, “வா, பேசிக் காட்டுதேன்” என்றேன். பியூலா முடியை ஒதுக்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தாள், தியேட்டருக்குப் புறப்பட்டவள் மாதிரி.

போனைச் சொம்பில் சாய்த்து வைத்தேன். சத்தத்தை நிறுத்தினேன். படத்தில் நான் ஓடி வந்தேன், மகள் பக்கத்தில் விழுந்தேன். அதற்கெல்லாம் என் குரலில் பேசினேன். எனக்கே ஆச்சரியம், சத்தம் இன்னும் இருந்தது. பியூலாவின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

அந்த இடம் வந்தது. எழுதி வைத்ததைச் சொன்னேன்.

“நீ கேட்டது எதையும் நான் வாங்கித் தரலயே மக்கா. காலுல சேறோட போறியே. கழுவி விடக்கூட அப்பனுக்கு நேரம் தராமப் போறியே.”

குரல் உடைந்தது. மேடையில் எப்படி உடைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். முடித்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

“நல்லாருக்கு” என்றாள். “யாரு எழுதுனது?”

“எழுதலயே. அன்னைக்குச் சொன்னதுதான்.”

“பொய் சொல்லாதிய. அன்னைக்கு நீங்க பதிமூணாம் வாய்ப்பாடுல்லா சொன்னிய.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“முப்பது புள்ளைய வாயப் பாத்துப் புடிச்சவளுக்கு ஒங்க ஒரு வாய் தெரியாதாக்கும்? தியேட்டர்ல சுத்தி இருக்கவ எல்லாம் ஓன்னு அழுதாவ. நீங்க என்னடான்னா நாலு பதிமூணு அம்பத்திரெண்டுங்கிய. கைக்குட்டைய வாயில திணிச்சிக்கிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.”

“நீ அழுதன்னுல்லா நெனச்சேன்.”

“தெரியும். கையப் புடிச்சியளே. அதுக்கப்புறம் எப்படிச் சொல்ல? நெஞ்சுல இருந்து வந்துச்சுன்னு ஊர் பூராச் சொல்லிக்கிட்டு அலைஞ்சிய. ஒரு நாள் நீங்களே சொல்லுவியன்னு இருந்தேன்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்தது அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன், அதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கும். கடைசியில், பஸ்ஸிலிருந்து என்னைக் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டேவிட்டேன்.

“அப்பம் நான் எதுக்கு அழுதேன் பியூலா? எனக்குத் தெரியல. நெசமாவே தெரியல.”

“எனக்கு மட்டும் என்ன தெரியும்? முன்னால ஒரு புள்ள கெடக்குது. புள்ளையக் கண்டா ஒங்களுக்குச் சொல்லிக் குடுக்கத் தெரிஞ்சது அது ஒண்ணுதான. செத்துக் கெடந்தாலும் அதத்தான் சொல்லுவிய.”

எனக்குக் கண்ணீர் வந்தது. இதை எழுதும்போதும் வருகிறது. எதற்கு என்று இப்போதும் கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

பியூலா கையை நீட்டித் தடவி என் முகத்தைக் கண்டுபிடித்தாள். நாடி, கன்னம், கன்னத்து ஈரம். பிறகு நாலு விரலை என் உதட்டின் மேல் வைத்தாள்.

“படத்துல ஏழு பதிமூணு தொண்ணூத்தி ஒண்ணுல வெட்டிட்டான் அந்த டைரக்டரு. இம்புட்டு வருசமா அங்கனயே நிக்கி. மிச்சத்தச் சொல்லுங்க.”

“எட்டு பதிமூணு நூத்தி நாலு” என்றேன். “ஒம்பது பதிமூணு நூத்திப் பதினேழு.”

விரல்கள் என் வாயோடு கூடவே அசைந்தன. அவள் நெற்றி சுருங்கியிருந்தது, பிள்ளைகள் பாடும்போது கூர்ந்து பார்ப்பாளே, அப்படி.

“மூஞ்சி வருதா?” என்று கேட்டேன்.

“இடையில பேசாதிய. கணக்குத் தப்பும்.”

பதினாறு பதிமூணு இருநூற்றி எட்டு வரைக்கும் சொல்லி முடித்தேன். அவள் விரலை எடுக்கவில்லை. நான் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.